சடுகுடு ஆடுன தாத்தா, வர்ணிப்பு பாடுன தாத்தா: புத்தகத்துல எதை முதல்ல போடுறது?

வாடிப்பட்டி பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எங்க தாத்தா, அப்பாவப் பெத்தவரு, போன ஐப்பசியில தவறிட்டாரு. வர்ற ஐப்பசிக்கு தலைத் தெவசம். வர்ற சொந்தக்காரங்களுக்கு வழக்கம்போல எவர்சில்வர் தட்டைக் கொடுக்குறதுக்குப் பதிலா தாத்தா வாழ்க்கையை ஒரு 40 பக்கத்துக்கு சின்ன புத்தகமா போட்டுக் கொடுக்கலாமேன்னு நான் தான் வாயைக் கொடுத்தேன். எல்லாரும் சரின்னுட்டாங்க, எழுதுற வேலை மட்டும் என் தலையில வந்து விழுந்துருச்சு.

தாத்தா எங்க ஊரு செட்டுல சடுகுடு ஆடுனவரு. வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர்னு சுத்துப்பட்டுல எங்க பந்தயம் நடந்தாலும் லாரியில நின்னுக்கிட்டே போவாங்களாம். அதே ஆளு சித்திரைத் திருவிழாவுல அழகர் வர்ணிப்பும், அதாவது அழகர் ஆத்துல எறங்குறதை வர்ணிச்சுப் பாடுற பாட்டும், பாடுவாரு. நான் பாத்தது பாட்டுக்காரத் தாத்தாவை மட்டும் தான். எனக்கு விவரம் தெரியும்போதே அவருக்கு வலது முட்டி மடங்காது, சேர்ல உக்காந்து காலை நீட்டிக்கிட்டுத் தான் பாடுவாரு. ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் கண்ணுலயே நிக்குது. பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு தரையில ஒரு பிடி மண்ணை எடுத்து ரெண்டு உள்ளங்கையிலயும் தேச்சு, தட்டிவிட்டுட்டு, அப்புறம் தான் தொண்டையைச் செருமுவாரு. சிமெண்டுத் தரையா இருந்தா சும்மாவாச்சும் தரையைத் தொட்டுட்டுக் கையைத் தேச்சுக்குவாரு. நான் அதை ஏதோ சாமி மண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், பெரியப்பா தான் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, களத்துல எறங்குறவன் கை வேர்வையில வழுக்காம இருக்க மண்ணைத் தேய்க்கிற பழக்கம்டா அது, ஆட்டத்தை விட்டும் கை விடலைன்னு.

இப்ப வீட்டுல சண்டை. பெரியப்பா, அட்டையில சடுகுடு செட்டு போட்டோ தான் வரணும்ங்கிறாரு. ஏழு பேரு ஷீல்டோட நிக்கிற கருப்பு வெள்ளைப் போட்டோ ஒண்ணு இருக்கு, தாத்தா ஓரத்துல கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு. அத்தை என்ன சொல்லுதுன்னா, அப்பா வெளையாண்டது இருபது வருசம், பாடுனது சாகுற வரைக்கும், பாட்டுக்காரரா போடுறதுன்னா போடு இல்லாட்டி என் பேரையே அதுல போடாதங்குது. ஆனா பாடுற மாதிரி போட்டோ ஒண்ணு கூட இல்ல, இருக்குறது ஒரே ஒரு 90 கேசட்டு, அதுவும் பத்து வருசமா யாரும் போட்டுக் கேக்கலை. எங்கப்பா வழக்கம்போல நடுவுல உக்காந்து பேப்பர் படிக்கிறாரு.

அடுத்து, வருசம் எதுவும் சரியா இல்ல. எப்ப ஆட ஆரம்பிச்சாருன்னா ‘வைகை டேம் கட்டுன பிற்பாடு’. முட்டி எப்ப போச்சுன்னா ‘மதுரையில உலகத் தமிழ் மாநாட்டுக்கு முந்துன வருசம்’. எப்ப பாட வந்தாருன்னா பெரியப்பா முட்டி போன பிற்பாடுங்கிறாரு, அத்தை அதுக்கு முன்னாடியேங்குது.

எதை முதல்ல வச்சு எழுதுறது, வருசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது, இந்த மாதிரி ரெண்டுமா வாழ்ந்த ஆளு யாரைப் பத்தியாச்சும் படிச்சிருக்கீங்களா, மாதிரிக்கு ஒண்ணு இருந்தா எனக்குப் புண்ணியமா போகும்.

மேலூர் ரைட் கார்னர்:

தம்பி, வருசம் தானே, பாதி கணக்கை நீங்களே சொல்லிட்டீங்க. வைகை டேம் தெறந்தது 1959. மதுரையில உலகத் தமிழ் மாநாடு நடந்தது 1981 ஜனவரி, அது அஞ்சாவது மாநாடு. அப்ப முட்டி போனது 1980. இருபது வருசம் ஆடிருக்காருன்னு உங்க அத்தை சொன்ன கணக்கு கரெக்டா ஒக்காருது பாருங்க. நம்ம ஊரு ஆளுங்க தேதி சொல்ல மாட்டாங்க, பக்கத்துல ஒரு சம்பவத்தைச் சொல்லுவாங்க, அதைப் பிடிச்சுக்கிட்டா போதும். ஷீல்டு யாரு வீட்டுலயாச்சும் கெடந்தா பின்னாடி திருப்பிப் பாருங்க, தகடுல வருசம் வெட்டிருப்பாங்க. பழைய பந்தய நோட்டீஸ் கெடச்சா அடியில பிரஸ் பேரு பொடி எழுத்துல இருக்கும், அதுவும் ஒரு துப்பு.

ஆனா உங்க கேள்வியே எனக்குத் தப்பாப் படுது, கோவிச்சுக்காதீங்க. நான் மேலூர்ப் பக்கம் மின்னொளி கபடி நெறையா ஆடுனவன், மேட்டுங்கிற விரிப்பு வர்றதுக்கு முன்னாடி செம்மண்ணுல ஆடுன கடைசி செட்டு நாங்க தான்னு வைங்களேன். சடுகுடுல எதிர்க் களத்துக்குள்ள போறதை என்னன்னு சொல்லுவோம்? ‘பாடிப் போறது’. இன்னைக்குப் பயலுக ரெய்டுங்கிறானுக. அந்தக் காலத்துல ‘கபடி கபடி’ன்னு சொல்றது கெடையாது, சடுகுடு, பலிஞ்சடுகுடுன்னு ஊருக்கு ஒண்ணு, அதுக்கும் மேல ஆளுக்கு ஒரு பாட்டு. என் தாத்தன் யாரு, என் கையில என்ன இருக்கு, உன்னை என்ன செய்யப் போறேன்னு எகத்தாளமா அடுக்கி, கடைசி வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டே போவாங்க. மூச்சு தீர்ற வரைக்கும் பாட்டு, பாட்டு நின்னுச்சுன்னா ஆளு அவுட்டு. நடுவருங்கிறவரு கண்ணால பாக்குறதை விட காதால கேக்குறது தான் முக்கியம், மூச்சை நடுவுல திருடுறானான்னு காதைத் தீட்டிக்கிட்டு கூடவே குனிஞ்சு வருவாரு. நல்ல கைகாரன் வார்த்தை முடியிற எடத்துல தெரியாம ஒரு இழுப்பு இழுத்துருவான், அது ஒரு களவு, பெருசுங்க கிட்ட உக்காந்து கத்துக்கிட்டா தான் வரும்.

1950 ல அகில இந்திய அளவுல ஃபெடரேஷன் வந்து விதியை எல்லாம் ஒண்ணாக்குனப்ப தான் எல்லாரும் ‘கபடி’ன்னு ஒரே சொல்லு சொல்லணும்னு ஆச்சு. மராட்டியத்துல ஹுதுது, வங்காளத்துல ஹாடுடு, நமக்கு சடுகுடு, எல்லாம் போச்சு. ஆனா கிராமத்துப் பந்தயத்துல அதுக்கு அப்புறமும் ரொம்ப நாளு பாட்டு இருந்துச்சு. இப்ப ஆம்பளைங்க களம் 13 மீட்டருக்கு 10 மீட்டரு, பாதிக்கு 20 நிமிசம், ரெய்டுக்கு 30 செகண்டு, கடிகாரம் ஓடுது. அதனால மூச்சுக்கு வேலை கொறஞ்சு போச்சு, தொடைக்கும் தோளுக்கும் தான் வேலை. 1990 ல பெய்ஜிங் ஏசியன் கேம்ஸ்ல சேத்தாங்க, தங்கம் அடிச்சோம், சந்தோசம் தான், அதை நான் கொறை சொல்லலை.

நான் சொல்ல வர்றது, உங்க தாத்தா ரெண்டு வேலை பாத்த ஆளு இல்ல. ஒரே மூச்சை ரெண்டு எடத்துல செலவழிச்ச ஆளு. வர்ணிப்பு கேட்டுருக்கீங்கள்ல, நாலு அடி அஞ்சு அடி ஒரே இழுப்புல போகும், அங்கயும் மூச்சைத் திருடத் தெரியணும். அட்டையில ரெண்டையும் போடுங்க, பெரியப்பாவையும் அத்தையையும் எதிரெதிரா உக்கார வச்சு ஒரு டீ வாங்கிக் கொடுங்க.

ஓய்வுபெற்ற கிளார்க்:

மாதிரிக்கு ஒரு ஆளு கேட்டீங்க. பால் ராப்சன். தம்பி வயசுக்குக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. எங்க யூனியன் ஆபீஸ் மாடியில ஒரு டேப் ரிக்கார்டர் இருக்கும், கமிட்டிக் கூட்டம் முடிஞ்சதும் ஒரு தோழர் அந்தக் கேசட்டைப் போடுவாரு. இங்கிலீஷ் பாட்டு எங்களுக்கு ஒரு எழவும் புரியாது, ஆனா அந்தக் குரலு இருக்கே, கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, ஜன்னல் கம்பி அதிரும். ரெண்டு தெரு தள்ளி டீக்கடைக்காரரே ஒரு நாள் வந்து யாருய்யா அதுன்னு கேட்டுட்டுப் போனாரு.

அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல 1898 ல பொறந்தவரு, கறுப்பினத்தவரு. அப்பா அடிமையா பொறந்து, தப்பிச்சு ஓடி, பிற்பாடு பாதிரியாரா ஆனவரு. அம்மா இவருக்கு ஆறு வயசு முடியிறதுக்குள்ள தீ விபத்துல போயிட்டாங்க. 1915 ல ஸ்காலர்ஷிப்ல ரட்கர்ஸ் காலேஜ்ல சேந்தாரு. அங்க ஃபுட்பால் டீமுக்குப் போனாரு. அவங்க ஃபுட்பால் நம்ம கால்பந்து இல்ல, ஆளை முட்டிச் சாய்க்கிற ஆட்டம், நம்ம சடுகுடுவுக்குத் தான் அது ஒண்ணுவிட்ட பங்காளி. முதல் நாள் பிராக்டிஸ்லயே சொந்த டீம் பயலுகளே மூக்கை ஒடைச்சு தோள்பட்டையை எறக்கிட்டானுக. குணமாகித் திரும்பிப் போனா ஒருத்தன் பூட்ஸ் காலோட கைமேல ஏறி மிதிச்சான், நகமெல்லாம் பிச்சுக்கிட்டு வந்துருச்சாம். அவரு விடலை. 1916 ல ஒரு தெற்கத்திக் காலேஜ் டீமு கறுப்பன் ஆடுனா நாங்க ஆட மாட்டோம்னு சொன்னதுக்கு இவரை வெளிய உக்கார வச்சாங்க. அடுத்த ரெண்டு வருசமும், 1917, 1918, நாட்டுலயே சிறந்த ஆட்டக்காரங்க வரிசையில வந்தாரு. ஃபுட்பால் மட்டும் இல்ல, பேஸ்பால், பாஸ்கெட்பால், தடகளம் எல்லாத்துலயும் காலேஜ் டீம்ல ஆளு. படிப்புலயும் முதல், 1919 பட்டமளிப்புல மாணவர் சார்பா பேசுனதும் இவரு தான்.

அப்புறம் கொலம்பியாவுல சட்டம் படிச்சாரு. பீசு கட்டணுமே, அதுக்குத் துட்டு வாங்கி ஆடுற ஃபுட்பாலுக்குப் போனாரு, 1921 ல அக்ரான், 1922 ல மில்வாக்கி டீமு. 1923 ல சட்டப் படிப்பை முடிச்சு ஒரு வக்கீல் ஆபீஸ்ல சேந்தாரு, அங்க வெள்ளைக்காரச் சுருக்கெழுத்தர் கறுப்பன் சொல்லி நான் எழுத மாட்டேன்னு சொல்லவும் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு வந்துட்டாரு. 1925 ஏப்ரல்ல நியூயார்க்ல, கூட லாரன்ஸ் பிரவுன் பியானோ வாசிக்க, முழுக்க முழுக்கத் தன் சனங்களோட பாட்டை மட்டும் வச்சு ஒரு கச்சேரி. அடிமையா இருந்தவங்க காட்டுல கழனியில பாடுன பாட்டு தம்பி. அதை மேடையேத்துனாரு. அதுக்கப்புறம் போற நாட்டுல எல்லாம் அந்த ஊரு உழைக்கிற சனம் என்ன பாடுதுன்னு கேட்டுக் கத்துக்கிட்டு, இருபது மொழிக்கு மேல பாடிருக்காரு.

அரசியல் பேசுனாருன்னு 1950 ல பாஸ்போர்ட்டைப் புடுங்கிட்டாங்க, எட்டு வருசம் வெளிநாடு போக முடியாது. 1952 ல கனடா எல்லையில, அமெரிக்கப் பக்கம் ஒரு லாரி மேல ஏறி நின்னு பாடுனாரு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்குல சனம் நின்னு கேட்டுச்சு. ரைட் கார்னர், உங்களுக்குத் தான் இதைச் சொல்றேன், காலு கோட்டைத் தாண்டாம பாட்டு மட்டும் பாடிப் போச்சு பாருங்க. 1957 ல கடலுக்கு அடியில போற டெலிபோன் கேபிள் வழியா நியூயார்க்ல இருந்து பாடி, வேல்ஸ்ல நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிங்க ஒரு மண்டபத்துல உக்காந்து கேட்டாங்க. 1958 ல பாஸ்போர்ட் திரும்ப வந்துச்சு, அந்த வருசம் அவரு அறுபதாம் பொறந்த நாளை நம்ம நாட்டுலயும் கொண்டாடுனாங்க, நேரு வாழ்த்துச் செய்தி கொடுத்தாரு. அசாம் பாடகர் பூபேன் ஹசாரிகா கொலம்பியாவுல படிக்கும்போது இவரைப் பாத்துட்டு வந்து தான், மிசிசிப்பி ஆத்தைப் பத்தின அவரு பாட்டை பிரம்மபுத்திராவுக்கு மாத்திப் பாடுனாரு. ராப்சன் 1976 ல காலமானாரு. காலேஜ் ஃபுட்பால் புகழ் மண்டபத்துல அவரு பேரை ஏத்துனது 1995 ல. செத்து 19 வருசம் கழிச்சு!

இம்புட்டும் எதுக்குச் சொல்றேன்னா, நான் படிச்ச கட்டுரைங்கள்ல ஃபுட்பாலை ஒரு பத்தியில தள்ளிட்டுப் பாட்டுக்குப் போயிடுறாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்ல. ஆறடி மூணு அங்குல ஒடம்பு, மிதி வாங்குன கை, அது தான் மேடையில நின்னுச்சு. உங்க தாத்தா மண்ணைத் தேச்சுட்டுப் பாடுனது மாதிரி. புத்தகத்தை அந்த மண்ணுல இருந்து ஆரம்பிங்க, எது முதல்லங்கிற சண்டையே வராது.

இன்னொண்ணு. அந்த ஆத்துப் பாட்டை முதல்ல பாடும்போது அது வாழ்க்கை சலிச்சுப் போனவன் பாட்டு, எழுதுனவங்க அப்படி எழுதிருந்தாங்க. வயசாக வயசாக ராப்சன் அந்த வரியை மாத்திட்டாரு, சாகுற மட்டும் போராடுவேன்னு பாடுனாரு. உங்க தாத்தாவும் வர்ணிப்புல எங்கயாச்சும் வரியை மாத்திருக்காரான்னு கேசட்டுல கேளுங்க. ஒரு ஆளு எங்க வரியை மாத்துறானோ அங்க தான் அவன் கதை ஒளிஞ்சு கெடக்கும்.

டவுன்ஹால் ரோடு ரேடியோ:

கேசட்டைப் போட்டுக் கேளுங்கன்னு எல்லாரும் ஈசியா சொல்லிட்டீங்க. தம்பி அவசரப்பட்டுப் போட்டுறாதீங்க. முதல்ல கேசட்டுல இருக்குற சின்ன ஜன்னல் வழியா டேப்பைப் பாருங்க, வெள்ளையா பூஞ்சை பூத்துருந்தா பிளேயர்ல போடவே கூடாது, ஹெட்டும் கெடும் டேப்பும் போகும், அதுக்குத் தெரிஞ்ச ஆளுகிட்ட தான் கொடுக்கணும். பூஞ்சை இல்லாட்டி நடுவுல ஒரு சின்ன பஞ்சுப் பட்டை தகடுல ஒட்டிருக்கும், அது விழுந்துருந்தா சத்தம் மங்கலாத் தான் வரும், வேற கேசட்டுல இருந்து எடுத்து மாத்தலாம். 90 கேசட்டுல டேப்பு மெலிசு, பக்கத்துக்கு 45 நிமிசம் அடக்கணும்ல, அதனால இழுத்துச் சிக்கிக்கும். பத்து வருசம் கெடந்ததுன்னா பென்சிலை விட்டு முதல்ல ஒரு தடவை பைய முழுசா சுத்திட்டுத் திரும்பச் சுத்துங்க. ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால தொடச்சுட்டு, ஹெட்போன் ஓட்டையில இருந்து வயரைப் போட்டு லேப்டாப்ல ஆடாசிட்டிங்கிற சாஃப்ட்வேர்ல ரிக்கார்டு பண்ணுங்க, வேவ் ஃபைலா வைங்க, எம்பி3 அப்புறம் பாத்துக்கலாம். முக்கியமா முதல் தடவை ஓடும்போதே ரிக்கார்டு ஓடணும். ரெண்டாம் தடவை ஓடுமான்னு யாருக்குத் தெரியும்.

பரவை மருமக:

எல்லாரும் நல்லா எழுதிருக்கீங்க, ஆனா படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு தான் வந்துச்சு. ரைட் கார்னர் அண்ணே மூச்சு மூச்சுன்னு ஒரு பக்கம் எழுதிட்டாரு. எங்க மாமியாரு காலையில வெள்ளன வயல்ல எறங்குனா சாயங்காலம் வரைக்கும் குனிஞ்ச இடுப்பு நிமிராம நடவு நட்டுக்கிட்டே பாடுவாங்க, ஒருத்தங்க எடுத்துக் கொடுக்க இருபது பேரு பின்பாட்டு, நடுவுல கொலவை வேற. குனிஞ்சுக்கிட்டுப் பாடிப் பாருங்க அண்ணே, வயிறு மடங்கிக் கெடக்கும்போது மூச்சு எங்குட்டு இருந்து வருதுன்னு. அவங்களை யாராச்சும் வெளையாட்டு வீராங்கனைன்னு ஷீல்டு கொடுத்தாங்களா? எங்க ஊரு பரவை முனியம்மா அம்மாவையே 2003 ல தூள் படம் வந்தப்புறம் தான் ஊரு உலகத்துக்குத் தெரிஞ்சுச்சு, அதுக்கு முன்னாடி எத்தனை வருசம் பாடிருப்பாங்க. 2020 ல ஊரடங்கு போட்ட வாரம் போயிட்டாங்க, நாங்களே எட்ட நின்னு தான் கும்பிட்டோம். பொம்பளைங்க கபடியை ஏசியன் கேம்ஸ்ல சேத்ததே 2010 ல தான், ஆம்பளைங்களுக்கு இருபது வருசம் கழிச்சு.

தம்பி நீங்க எழுதுன அம்புட்டுலயும் உங்க அப்பத்தா பேச்சே இல்ல, கவனிச்சீங்களா. இருக்காங்களா இல்லையா? இருந்தா முதல்ல அவங்க கிட்ட போயி உக்காருங்க. பெரியப்பாவும் அத்தையும் பொறந்து வளந்து பாத்ததைத் தான் சொல்லுவாங்க, அப்பத்தா தான் அதுக்கு முந்தி இருந்ததைப் பாத்தவங்க. தாத்தா லாரியில நின்னு பந்தயத்துக்குப் போன ராத்திரியெல்லாம் மாட்டுக்குத் தண்ணி காட்டுனது யாருன்னும் கேளுங்க, அதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க.

மேலூர் ரைட் கார்னர்:

சரி தாயி, தோத்துட்டேன். எங்காத்தா இருந்துருந்தா இதையே தான் சொல்லிருக்கும், வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டு.

வாடிப்பட்டி பேரன்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. அக்கா கேட்டது சுருக்குனு தச்சுச்சு. அப்பத்தா இருக்கு, 82 வயசு, காது தான் கொஞ்சம் மந்தம். உண்மையைச் சொல்லணும்னா அதுகிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

ஞாயித்துக்கெழம வெத்தலை இடிச்சுக் கொடுத்துக்கிட்டே கேட்டேன். பெரியப்பா சொன்னதும் தப்பு, அத்தை சொன்னதும் பாதி தான். தாத்தா சின்னப் பயலா இருக்கும்போதே அவரு மாமன் கூட வர்ணிப்புக்குப் போவாராம், அழகர்கோயில்ல இருந்து சாமி கெளம்புற அன்னைக்கே இவங்களும் கெளம்பி, தல்லாகுளம் எதிர்சேவை, ஆத்துல எறங்குறது, ராமராயர் மண்டபத்துல தசாவதாரம்னு நாலஞ்சு நாளு வீட்டுக்கே வர மாட்டாங்க. மாமன் பாட, இவரு பின்பாட்டு. அப்புறம் தான் சடுகுடு. களத்துல பாடிப் போகும்போது மத்தவன் எல்லாம் எகத்தாளம் பாடுனா இவரு வர்ணிப்பு மெட்டுல இழுத்துக்கிட்டே போவாராம், எதிர் செட்டுக்காரன் சிரிச்சுக்கிட்டு நிக்கும்போது தொட்டுட்டு வந்துருவாராம். இதைச் சொல்லிட்டு அப்பத்தா சிரிச்ச சிரிப்பு இருக்கே!

ஆனா முட்டி போனதுக்கு அப்புறம் ஆட்டத்தை விட்டுப் பாட்டுக்கு வந்தாருன்னு நாங்க எல்லாரும் நெனச்சோம்ல, அது இல்ல. முட்டி போன பிற்பாடு ரெண்டு சித்திரை அவரு பாடவே இல்லையாம். ஆத்துப் பக்கமே போகலை. திண்ணையில உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னுச்சு. மூணாவது வருசம் அப்பத்தா தான் சேரைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு முன்னாடி நடந்துச்சாம், வந்தா வா வராட்டி போ, நான் போயி உக்காந்துக்குறேன்னு. பின்னாடியே நொண்டிக்கிட்டு வந்தாராம். சேர்ல உக்காந்து பாடுனது அன்னைக்கு ஆரம்பிச்சது தான். அத்தைக்கே இது தெரியாது.

கேசட்டுக்கு வர்றேன். டவுன்ஹால் அண்ணே சொன்ன மாதிரியே பென்சில்ல சுத்தி, முதல் ஓட்டத்துலயே ரிக்கார்டு பண்ணிட்டேன். ஏ பக்கம் பாதிக்கு மேல டியூப்லைட் கூவுற சத்தம் மாதிரி ஒரே இரைச்சல், துண்டுல சில்லறை விழுற சத்தம் தான் தெளிவா கேக்குது. பி பக்கம் நல்லா இருக்கு. அழகர் குதிரை வாகனத்துல ஆத்துல எறங்குற எடம். சாமியைத் தூக்குற சீர்பாதக்காரங்களைப் புகழ்ந்து ஒரு நாலு அடி வரும்ல, எங்க ஊருப் பக்கம் வர்ணிப்பு பாடுற பெரியவர் ஒருத்தருக்குப் போட்டுக் காட்டுனேன். கண்ணை மூடிக் கேட்டவரு, டக்குனு தொறந்து, இது பாட்டுல இல்லையேப்பாங்கிறாரு. சாமியைத் தோள் கொடுத்துத் தூக்குறவங்கன்னு தாத்தா வரிசையா பேரு சொல்றாரு. நான் பெரியப்பா கிட்ட போட்டுக் காட்டுனேன், அவரு முகம் மாறிப் போச்சு, போட்டோவை எடுத்துட்டு வாடான்னாரு. போட்டோவுல இடமிருந்து வலமா நிக்கிற வரிசையிலயே பேரு வருது, ஆளு ஆளா விரலை வச்சுத் தொட்டுக்கிட்டே வந்தாரு. கிளார்க் ஐயா, நீங்க சொல்லாட்டி நான் அந்த எடத்தைக் கவனிச்சிருக்கவே மாட்டேன்.

ஏழு பேருல அஞ்சு பேரு வந்துச்சு, கடைசியில தாத்தா தன் பேரையும் சேத்துக்கிட்டாரு, ஆக ஆறு. நாலாவதா நிக்கிற ஆளு மட்டும் இல்ல. அந்த எடத்துல ஒரு இழுவை, ஒரு மூச்சு, அடுத்த பேருக்குப் போயிடுறாரு. பெரியப்பா விரலு அப்படியே நாலாவது ஆளு மேல நின்னுச்சு. ‘இந்தப் பய 50 ரூவாய்க்குப் பக்கத்து ஊரு செட்டுக்கு ஆடப் போனவன்டா, அப்பா சாகுற மட்டும் இவன்கூடப் பேசலை’ன்னாரு. பேரை இங்க எழுதலை, அவங்க பேரப் பிள்ளைங்க எனக்கு ஃபிரெண்டுங்க, ஒருத்தன் கூட பிளஸ் டூவே ஒண்ணாப் படிச்சேன்.

அந்த நாலடியைப் புத்தகத்துல அப்படியே போடவா, வேண்டாமான்னு ஒரு யோசனை. போட்டா விட்டுப்போன பேரு யாருன்னு ஊருல பத்து பெருசுங்களுக்காச்சும் தெரியும்.

பரவை மருமக:

போடுங்க தம்பி. அவரு விட்ட பேரை நீங்களும் விட்டுருங்க, காரணத்தை மட்டும் எழுதாதீங்க. அந்த வீட்டுக்காரங்களையும் தெவசத்துக்குக் கூப்பிடுங்க.

மேலூர் ரைட் கார்னர்:

50 ரூவாயா! அந்தக் காலத்துல 50 ரூவாய்க்கு நானும் போயிருப்பேன் தம்பி, சத்தியமா. எங்க செட்டுல சோறும் ஒரு சோடாவும் தான்.

வாடிப்பட்டி பேரன்:

ஹாஹா, பெரியப்பா கிட்ட இதைச் சொல்ல மாட்டேன்.

அப்பத்தா சேரைத் தூக்குனதை முதல் பக்கமா எழுதிட்டேன், ரெண்டாம் பக்கம் மண்ணு. அட்டை இன்னும் முடிவாகலை, அத்தை போனை எடுக்க மாட்டேங்குது, ஆனா கேசட்டை வாட்ஸ்அப்ல அனுப்புனேன், ரெண்டு நீல டிக் விழுந்துருக்கு. நாப்பது பக்கம்னு ஆரம்பிச்சது இப்ப அம்பத்தி ரெண்டுல நிக்குது. பிரஸ்காரரு ஒண்ணு நாப்பத்தெட்டாக்கு இல்ல அம்பத்தாறாக்கு, எட்டு எட்டாத் தான் மடிக்க முடியும்ங்கிறாரு. அக்கா சொன்ன மாட்டுக்குத் தண்ணி காட்டுன கதைக்கு அந்த நாலு பக்கத்தை வச்சுக்கலாம்னு இருக்கேன், நாளைக்கு மறுபடி வெத்தலை வாங்கிட்டுப் போறேன்.